வட்டிக்கு விட்ட சாமி

கேள்வி: என் பையன் ‘சைக்கிளேட்ஸ்’ என்று ஒரு போர்டு கேம் கேட்கிறான். கிரேக்கக் கடவுள்களை ஏலத்தில் எடுத்து ஆடும் ஆட்டமாம். கடவுளை ஏலம் விடுவது மனதுக்கு உறுத்துகிறது. ஆடினால் அறிவுத்திறன் வளருமா? வாங்கித் தரலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் அந்தச் சைக்கிளை ஓரமாக நிறுத்துங்கள். அது ஈஜியன் கடலில் இருக்கும் ஒரு தீவுக்கூட்டத்தின் பெயர். கிரேக்கர் வாயில் கிக்லாதெஸ், ஆங்கிலேயர் வாயில் சிக்லடீஸ். 2009இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய புரூனோ கத்தாலா, லுடோவிக் மோப்லான் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுக்கு சிக்லாத். எந்தக் கரையிலும் சைக்கிள் இல்லை.

கிரேக்கப் பெயரை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டித் தமிழில் இறக்கும் பழக்கத்தோடு எனக்குப் பல வருஷப் பகை. நம் பத்திரிகையிலேயே ஒருமுறை, கிரேக்கக் கடவுள்களின் ராஜாவை நான் ஜீயஸ் என்று எழுதிக் கொடுத்ததை அச்சுக்குப் போகும் அவசரத்தில் யாரோ திருத்தி, ‘ஒலிம்பஸ் மலையில் ஜூஸ் கோபத்தில் கொதித்தார்’ என்று வந்துவிட்டது. என்ன பழம் என்று கேட்டு மூன்று கடிதம். கொதிக்கவைத்தால் சத்து போய்விடுமே என்று நாலாவது. பிழைதிருத்தும் நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை, மூலப்பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது என்கிறார். மூலப்பிரதியைப் பார்க்கலாமென்றால், அது அன்று சாயங்காலமே பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றப் போய்விட்டது.

உங்களைத் திட்டிவிட்டு அகராதியைப் புரட்டினால், ஜெயித்தது நீங்கள்! கிரேக்கத்தில் குக்ளோஸ் என்றால் வட்டம், சக்கரம். தீவுகளின் பெயரும் உங்கள் சைக்கிளும் அதன் வயிற்றில் பிறந்தவை. ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸும் அதே குடும்பம்தான், வட்டக்கண்ணன். சரி, அந்தத் தீவுகள் எதைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன? டெலோஸ். மூன்றரைச் சதுர கிலோமீட்டர் பாறை. அப்போலோ என்ற கிரேக்கக் கடவுள் பிறந்த இடம் என்பது ஐதீகம். நாக்சோஸ், பாரோஸ், மிக்கோனோஸ் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவை.

ஆட்டத்தின் மேல் என் வழக்கே இதுதான். கடலுக்குப் போசைடான், போருக்கு ஏரிஸ், கடவுள்களின் ராஜா ஜீயஸ், அறிவுக்கு அதீனா, நால்வருக்கும் ஏலம். அப்போலோவுக்கு மட்டும் ஏலமே கிடையாது. மற்ற இடங்களில் துரத்தப்பட்டவர்கள் போய் ஒதுங்கும் சத்திரம் அவர். யார் வேண்டுமானாலும், எத்தனை பேர் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். கையில் ஒரு பொன் கொடுத்து அனுப்புவார். ஒரே ஒரு தீவு மிஞ்சிய ஓட்டாண்டி என்றால் நாலு பொன். வட்டத்தின் நடுவே இருப்பவரைத் திண்ணையில் உட்கார்த்திவிட்டார்கள்.

அந்தத் திண்ணையை எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா பையன் வீட்டில் ஐந்து பேர் ஆடினோம். கப்பல் வேண்டுமென்று போசைடானுக்கு 3 பொன் கேட்டேன். எதிரில் இருந்த பெண் அலட்டிக்கொள்ளாமல் 4 என்றாள். உடனே 5 என்று சொல்லப் போனேன், கையைத் தட்டிவிட்டார்கள். துரத்தப்பட்டவன் அதே கடவுளிடம் அப்போதே திரும்பக் கூடாது, வேறு சந்நிதி பார்க்க வேண்டும். ஏரிஸிடம் போனேன், அங்கேயும் ஒருவன் மேலே கேட்டான். கடவுள் நால்வர், நாங்கள் ஐவர். ஒருவன் அப்போலோவிடம் போய்த்தான் ஆக வேண்டும். மூன்று சுற்றில் இரண்டு தடவை அந்த ஒருவன் நான்.

அப்போலோ இலவசமாகப் பொன் கொடுக்கிறார் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. டெலோஸில் அவர் கோயில் கடன் கொடுத்தது பத்து சதவீத வட்டிக்கு! கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏதென்ஸ் தலைமையில் சேர்ந்த நகரங்களின் பொதுக் கஜானாவும் முதலில் அந்தத் தீவில்தான் இருந்தது, கி.மு. 454இல் ஏதென்ஸ் அதைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகும்வரை. அதே ஏதென்ஸ் கி.மு. 426இல் தீவைத் தூய்மை செய்கிறேன் என்று கிளம்பி, புதைத்த பிணங்களையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தி, இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று ஆணை போட்டது. நிறைமாதக்காரியையும் சாகக் கிடப்பவரையும் படகில் ஏற்றிப் பக்கத்துத் தீவு ரெனேயாவுக்கு அனுப்ப வேண்டும்.

ஏலம் உறுத்துகிறது என்றீர்களே. கி.மு. 166 வாக்கில் ரோம் டெலோஸைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, ஏற்றி அனுப்ப வல்ல சந்தை என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். உறுத்தலை அங்கே கொண்டுபோய்ச் செலவழியுங்கள். அட்டைக் கடவுளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆட்டத்தில் என்னை உறுத்தியவர் பூசாரி. ஜீயஸை எடுத்தால் ஒரு பூசாரி இலவசம். அதன் பிறகு எந்தக் கடவுளை ஏலம் எடுத்தாலும், கையிலிருக்கும் பூசாரி ஒருவருக்கு ஒரு பொன் தள்ளுபடி. பூசாரி சேரச் சேர சாமி மலிவு. எத்தனை பூசாரி இருந்தாலும் ஒரு பொன்னாவது கட்டியாக வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு. நியாயஸ்தர்கள்!

அதீனா பக்கம் போனால் தத்துவஞானிகள். நாலு பேர் சேர்ந்துவிட்டால் ஒரு பெருநகரம் எழும்பிவிடும். ஒரு சுற்று முடியும்போது அப்படி இரண்டு நகரம் வைத்திருப்பவர்தான் ஜெயித்தவர். நிஜ ஏதென்ஸ் தத்துவஞானிகளுக்கு என்ன செய்தது? கி.மு. 399இல் சாக்ரட்டீஸுக்கு விஷக் கோப்பை. கி.மு. 323இல் அரிஸ்டாட்டில் தன் மேலும் வழக்கு வருவதைப் பார்த்து ஊரை விட்டே போய்விட்டார். நாலு பேரை ஒரே மேஜையில் உட்காரவைத்து நகரம் கட்டியிருக்கிறார்கள் என்றால், இந்த ஆட்டத்தில் மிகப் பெரிய கற்பனை காளைத்தலை அரக்கன் மினோட்டர் இல்லை.

அறிவுத்திறன்? தாயக்கட்டை உருட்டிய உங்கள் பாட்டியிடம் யாராவது அதைக் கேட்டார்களா? வாங்கிக் கொடுங்கள். நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள். முதல் சுற்றிலேயே ஜீயஸை எடுத்து ஒரு பூசாரியைக் கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கேட்டு மாமா பட்ட பாட்டை அக்கா பையன் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.