வாசகர் கேள்வி–பதில்: மலையில் பசுமைக் கட்சிக்கு ஏன் ஓட்டு விழுவதில்லை?

சுற்றுச்சூழலை முன்வைத்துத் தேர்தலில் நிற்பது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சண்டைக்கு வரும். ஆனால் சுற்றுச்சூழல் பேசி நின்றவருக்கு டெபாசிட் கிடைப்பதில்லை. ஜெர்மனியில் மட்டும் பசுமைக் கட்சி ஆட்சியிலேயே இருந்ததே, எப்படி? — கோத்தகிரி வாசகர்

முதலில் ஓட்டுக் கணக்கு. ஜெர்மனியில் நாடு முழுக்க விழும் ஓட்டின் விகிதத்துக்கு ஏற்ப ஒரு கட்சிக்கு இடம் கிடைக்கும். 5 சதவீதத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். 1980ல் தொடங்கிய பசுமைக் கட்சி 1983ல் 5.6 சதவீதம் வாங்கி 27 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1990ல் மேற்குப் பகுதியில் 4.8 சதவீதத்தில் நின்றுபோனதால் அங்கிருந்து ஒருவரும் போகவில்லை. பிறகு மீண்டு வந்து 1998 முதல் 2005 வரை சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி ஆட்சி நடத்தியது.

நம்முடையது பிரிட்டன் முறை. தொகுதியில் முதலில் வருகிறவருக்கு மட்டும்தான் இடம். அதே பிரிட்டனில் 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சி ஏறக்குறைய 15 சதவீதம் வாங்கியது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2016ல் தனித்து நின்ற பா.ம.க. 5.3 சதவீதம் வாங்கியது. அதற்கும் இடம் பூஜ்யம்தான். 'பசுமைத் தாயகம்' என்ற தன் அமைப்பின் வழியாகச் சுற்றுச்சூழல் பேசிய கட்சி, வட மாவட்டங்களில் வலுவான சமூக அடித்தளமும் உள்ள கட்சி, அதற்கே அந்த நிலை. 'நல்ல ஆளுதான், ஆனா ஜெயிக்க மாட்டாரு, ஓட்டு வீணாப் போயிடும்' என்று வாக்காளர் சொல்வதில் தப்பில்லை. இந்த முறைக்கு அது சரியான கணக்கு.

அடுத்தது தொகுதி வரைபடம். நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஊட்டி, குன்னூர், கூடலூர் மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே சமவெளியில். மலை மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் போதாது. கொடைக்கானலுக்குத் தனிச் சட்டமன்றத் தொகுதியே இல்லை. அது பழனியோடு சேர்ந்தது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 2009லிருந்து நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. கூடலூரும் அப்படியே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் எல்லோரும் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் இந்த இரண்டிலும் நிற்க முடியாது. படுகரும் நிற்க முடியாது. காட்டைப் பற்றிய பேச்சில் யாருடைய பெயர் முதலில் வருகிறதோ அவர்களுக்கு டெல்லிக்கான வேட்புமனுவே இந்த மலையில் கிடையாது.

அதிருப்தி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி நீலகிரிதான்: 46,559. பா.ஜ.க. வேட்பாளரின் மனு, கட்சி தரும் ஏ, பி படிவங்கள் நேரத்துக்குள் வராததால் தள்ளுபடியானதும் அதற்கு ஒரு காரணம். இருந்தாலும் அத்தனை பேர் 'யாரும் வேண்டாம்' என்று அழுத்தியிருக்கிறார்கள்.

'சுற்றுச்சூழல்' என்று ஆரம்பித்தாலே கூடலூர், பந்தலூர் பக்கம் ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்களே? — கூடலூர் வாசகி

போகத்தான் செய்வார்கள். அவர்கள் அனுபவத்தில் அந்தச் சொல் கட்சியாகவோ கொள்கையாகவோ வந்ததில்லை, நோட்டீசாக வந்திருக்கிறது. 1969ம் ஆண்டு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 'பிரிவு 17' நிலத்தில், அதாவது உரிமை யாருக்கு என்று முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில், தலைமுறையாகக் குடியிருக்கிறவருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பு கேட்டால் இழுபறி. பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கில் படித்த வீட்டுக்குப் போய் 'காட்டைக் காப்போம்' என்றால், 'எங்களைக் காலி பண்ணு' என்றுதான் காதில் விழும். மசினகுடியிலும் அதே கதை. சீகூர் யானை வழித்தடத்தை 2011ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. அதற்குள் இருந்த ரிசார்ட்டுகளை மூட வேண்டியதாயிற்று. யானைக்கு அந்தப் பாதை வேண்டும், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்தவருக்கும் ஜீப் ஓட்டியவருக்கும் மாற்று வேலை என்ன என்று அன்றைக்கு எந்தப் பசுமைக் குரலும் கையில் திட்டத்தோடு போய் நிற்கவில்லை.

இது எங்கே கொண்டு விடும் என்பதற்குப் பழனி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடுக்கியைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய காட்கில் குழு அறிக்கை 2011ல் தயாரானது. பொதுவில் வந்தது 2012ல். எது எங்கே கூடாது என்பதைக் கிராம சபையில் வைத்து முடிவு செய்யச் சொன்ன அறிக்கை அது. ஆனால் ஏலக்காய்த் தோட்டத்துக்காரர் கையில் தாய்மொழியில் அது போய்ச் சேரும் முன்பே 'பட்டா போகும், வீடு கட்ட முடியாது' என்ற பேச்சு மலை முழுக்கப் பரவிவிட்டது. 2013ல் கஸ்தூரிரங்கன் குழுப் பரிந்துரைப்படி கேரளத்தில் 123 கிராமங்களைச் சூழல் பாதுகாப்புக் கட்டுப்பாடுள்ள பகுதியில் சேர்த்ததும் மலை கொந்தளித்தது. காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்த இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்கு 2014ல் காங்கிரஸ் மறுபடி சீட் தரவில்லை. மலைவாழ் விவசாயிகளின் பாதுகாப்புக் குழு நிறுத்தி, இடதுசாரிகள் ஆதரித்த சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் சுமார் 50,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

செலவு ஓர் இடத்திலும் பலன் வேறிடத்திலும் விழுவதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கும் சிக்கல். மாயாறும் பவானியும் மலையில் பிறந்து பவானிசாகர் அணைக்குப் போகின்றன. அந்தப் பவானியின் உபரி நீரை நம்பித்தான் 2024ல் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. காடு நின்றால் அவிநாசிக்காரருக்குத் தண்ணீர். யானை வந்தால் மசினகுடிக்காரருக்குச் சேதம். ஆனால் இருவரும் ஒரே நாடாளுமன்றத் தொகுதி! அவிநாசி, பவானிசாகரில் 'உங்கள் குளத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று ஓட்டுக் கேட்பதும், அந்த ஓட்டின் பலத்தில் மலைக்கு நஷ்டஈடும் பட்டாவும் கேட்பதும்தான் இங்கே ஒரு பசுமைக் கட்சிக்கு இருக்கும் நிஜமான வழி. இதுவரை யாரும் அதை முயலவில்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேயிலை விலை கேட்கிறவர்களிடம் இயற்கை விவசாயம் பேசினால் எடுபடுமா? — மஞ்சூர் வாசகர்

கணக்கோடு பேசினால் எடுபடும். சாயங்காலம் இலை எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு. அன்றைக்கு எத்தனை கிலோ என்று சீட்டில் எழுதித் தருவார்கள். விலை பிறகுதான் தெரியும். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாதவர் அங்கே ஓட்டுக் கேட்க முடியாது. 2023ல் சிறு விவசாயிகள் போராடியது கிலோவுக்கு ரூ.33.50 கேட்டு.

'ரசாயனத்தை விடுங்கள்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடலாம். ஆனால் தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்றிதழ் கிடைக்க 3 வருடம் ஆகும். அதுவரை விளைச்சல் குறையும், விலையோ பழைய விலைதான். மாதம் 600 கிலோ கொழுந்து எடுக்கிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வையுங்கள். 200 கிலோ போச்சு. கிலோ 20 ரூபாய் என்றால் மாதம் 4,000. மூன்று வருடத்தில் 1,44,000 ரூபாய். இதை யார் தருவார்கள், எந்தத் திட்டத்தில், எந்த மாதம் கைக்கு வரும்? இதற்குப் பதில் உள்ள வேட்பாளரை விவசாயி உட்காரவைத்துப் பேசுவார்.

இ–பாஸ் கட்டுப்பாட்டை ஒரு பசுமைக் கட்சி ஆதரிக்க வேண்டாமா? ஆதரித்தால் கடைக்காரர் ஓட்டு போகுமே? — குன்னூர் வாசகர்

ஆதரிக்கலாம், ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ல் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ–பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு உண்டு. வியாபாரிகள் ஏப்ரல் 2ல் கடையடைத்தார்கள். கார் குறைந்தால் ஆள் குறையும் என்பது அவர்கள் பயம். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறிவர எத்தனை பஸ், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, உள்ளூர் டாக்சிக்கு எந்த வழித்தடம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வரம்பைச் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் பசுமைக் கட்சி இந்த வரிசை மாறித்தான் பலமுறை அடி வாங்கியது. 1998 மார்ச்சில் மாக்டெபுர்க் மாநாட்டில் பெட்ரோலை லிட்டர் 5 மார்க்காக (அன்றைய ஜெர்மன் நாணயம்) உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மாற்று என்ன என்பது யார் காதிலும் விழவில்லை, விலை மட்டும் விழுந்தது. 2013ல் கேன்டீன்களில் வாரம் ஒருநாள் இறைச்சி இல்லாத நாள் என்றது. அந்தத் தேர்தலில் 8.4 சதவீதம். 2021ல் 14.8 சதவீதத்துக்கு ஏறி ஆட்சிக்கூட்டணிக்கு வந்தது; 2023ல் வீட்டு வெப்பமூட்டி மாற்றும் சட்டத்தில் 'என் வீட்டுக்கு எவ்வளவு செலவு' என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வருவதற்குள் பெயர் கெட்டது. 2025ல் 11.6. இதற்கு நேர்மாறாக, கார் தொழிற்சாலைகள் நிறைந்த பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வின்ஃப்ரீட் கிரெட்ச்மன் 2011ல் முதல்வராகி, தொழிலாளர், முதலாளி இரு தரப்போடும் பேசிக்கொண்டே நடந்தார். கட்சி 2016ல் 30.3, 2021ல் 32.6 சதவீதம் வாங்கியது.

கொடைக்கானல் பாதரசப் போராட்டம் அவ்வளவு பெரிதாக நடந்தும் ஏன் கட்சியாகவில்லை? — கொடைக்கானல் வாசகர்

அது நியாயம் கேட்ட போராட்டம். எதிராளி, பாதரச வெப்பமானி செய்த ஒரு தொழிற்சாலை. 2001ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு கிடைத்தது. கோரிக்கை ஓரளவு முடிந்ததும் மக்கள் அவரவர் பழைய கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். கூடங்குளத்திலும் இதுதான் நடந்தது. இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட போராட்டத்தின் முகமான சுப. உதயகுமார் 2014ல் ஆம் ஆத்மி வேட்பாளராகக் கன்னியாகுமரியில் நின்று தோற்றார். போராட்டம் நடப்பது சில ஊர்களில். தொகுதியோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? — ஊட்டி வாசகி

வார்டில் தொடங்குங்கள். கிராம ஊராட்சி வார்டில் சில நூறு ஓட்டுகள்தான். கட்சிச் சின்னமும் கிடையாது. வயது 21 ஆகியிருக்க வேண்டும், அந்த ஊர் வாக்காளராக இருக்க வேண்டும். குப்பை எங்கே கொட்டப்படுகிறது, ஓடையில் எந்தக் கழிவு விடுகிறார்கள், எந்தத் தெருவிளக்கு எரியாததால் காட்டுமாடு தெரியாமல் ஆள் முட்டுப்படுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தீரும்.

சட்டமன்றத்துக்கு என்றால் கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்திடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 100 உறுப்பினர், கட்டணம் ரூ.10,000. அங்கீகாரம் பெறாத கட்சி வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். ஒரு கையெழுத்து ஒத்துப்போகாமல் மனு போவது சகஜம் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட மனு போட்டு வையுங்கள், நான்கு வரை அனுமதி உண்டு. டெபாசிட் ஊட்டி, குன்னூரில் ரூ.10,000, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வேட்பாளருக்கு ரூ.5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பாது.

பெரிய தடை சின்னம். பொதுச் சின்னம் வேண்டுமானால் மாநிலத்தில் 5 சதவீதத் தொகுதிகளிலாவது, அதாவது 12 இடங்களில் நிற்க வேண்டும். யார் முதலில் விண்ணப்பிக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை. 2024ல் நாம் தமிழர் கட்சி 'கரும்பு விவசாயி'யை இழந்து 'மைக்'கில் நின்றது இப்படித்தான். பொதுச் சின்னம் இல்லையென்றால் மனு வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கைக்கு வரும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி இருக்க வேண்டியது 14 நாள்; கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது. மிச்சம் 12 நாள். மலைப்பாதையில் ஒரு நாளைக்கு நாலைந்து ஊர்தான் போக முடியும். ஆகவே ஆளைத் தெரியவைக்கும் வேலை அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை: உங்கள் தொகுதியின் கடந்த தேர்தல் 'படிவம் 20' எடுத்துப் பாருங்கள், தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் பூத் வாரியாக இருக்கும். நோட்டாவும் சிறு கட்சிகளும் அதிகம் வாங்கிய பத்து பூத்களைக் குறித்து, அந்த ஊர்களுக்கு முதலில் போங்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காதவரை 3 வருடம் தேர்தலில் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம்.