சீன நண்பருக்கு ‘ஓப்பன்’ என்ற ஆங்கில வினையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சிங்கப்பூரில் உங்களோடு வேலை பார்க்கும் சீன நண்பர் ‘ஓப்பன் த லைட்’, ‘ஓப்பன் த ஃபேன்’ என்றே பேசுகிறார், எத்தனை முறை திருத்தியும் மாறவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் ‘இவ்வளவு எளிய சொல்கூடவா வராது?’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அது எளிய சொல்லே அல்ல. நீங்கள் தமிழர்தானே? நாம் லைட்டைப் போடுகிறோம், சட்டையைப் போடுகிறோம், டீ போடுகிறோம், ஊசி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். இத்தனையையும் ஒரே ஆங்கில வினையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். நம் பிள்ளைகள் ‘புட் த ஃபேன்’ என்று சொல்வது எங்கிருந்து வந்ததோ, ‘ஓப்பன் த லைட்’டும் அதே மாதிரியான இடத்திலிருந்துதான் வருகிறது. நமக்குப் ‘போடு’ எப்படியோ, சீனருக்குத் ‘திற’ என்று பொருள்படும் ‘கை’ என்ற சொல் அப்படி.

ஆமாம், அந்தச் சொல் ஏறத்தாழ நம் ‘கை’ போலவே ஒலிக்கும், தொடக்கத்தில் மட்டும் சற்று மூச்சுக்காற்று கூடும். அதன் பழைய எழுத்து வடிவத்தில் இரட்டைக் கதவு, அதன் குறுக்கே ஒரு தாழ்க்கட்டை, அதைத் தூக்கும் இரண்டு கைகள் என்று ஒரு சித்திரமே இருக்கிறது. இன்று சீனாவிலும் சிங்கப்பூரிலும் எழுதும் எளிய வடிவத்தில் கதவு போய்விட்டது, கைகளும் கட்டையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கதவைத் திறப்பதில் தொடங்கிய அந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது. விளக்கை எரியவிடுவது ‘கை’, காரை ஓட்டுவது ‘கை’, கூட்டம் நடத்துவது ‘கை’, பூ மலர்வது ‘கை’, தண்ணீர் கொதிப்பது ‘கை’, ரசீது போட்டுக் கொடுப்பது ‘கை’. மகிழ்ச்சிக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘திறந்த நெஞ்சம்’. அறுவை சிகிச்சை செய்வது ‘கத்தியைத் திறப்பது’. மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பதும் ‘கை’தான்.

இந்தக் கடைசிப் பொருளால் என் மாணவி ஒருவர் பட்டபாட்டை நான் மறக்கமாட்டேன்.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. சீன மொழியும் அரைகுறைதான், அண்டை வீட்டாரிடமும் மாணவர்களிடமும் கேட்டுக் கற்றது. ஆனால் ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருவர் ஹெனான் மாகாணத்துப் பெண்மணி. முதியோர் இல்லம் ஒன்றில் தாதியருக்கு உதவியாளராக இருந்தார். பணி மாறும் நேரத்தில் அடுத்து வருபவருக்காக ஒரு நோட்டில் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். ஒரு நாள் அவர் எழுதியது: ‘டாக்டர் ஓப்பன் மெடிசின், பெட் சிக்ஸ்’. ஆறாம் கட்டில் பாட்டிக்கு மருத்துவர் புது மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அவர் சொல்லவந்தது. இரவுப் பணிக்கு வந்தவரோ, மருத்துவரே மருந்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டார். அன்றிரவு பாட்டிக்கு மருந்து போகவில்லை. காலையில்தான் தெரிந்தது. நல்லவேளையாகப் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருந்து விஷயத்தில் அலட்சியம் அலட்சியம்தானே, மொழியின் மீது பழியைப் போடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் குறிப்பு தவறு என்பதை நான் மறுக்கவில்லை. சந்தேகமான குறிப்பைப் படித்தவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். என்னால் பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டிவைத்து அந்த வரியை இரண்டு முறை உரக்கப் படித்தாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். என் மாணவிக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என் முன்னால் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். மேலே சீனத்தில் ஒரு வரி, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அடிக்கோல் வைத்து நேர்கோடு இழுத்திருந்தார். மருத்துவருக்கு நேரே ‘டாக்டர்’, ‘கை’க்கு நேரே ‘ஓப்பன்’, மருந்துக்கு நேரே ‘மெடிசின்’. மூன்று கோடுகள். இதில் எது தவறு என்று கேட்டார். கைப்பேசி அகராதியையும் திறந்து காட்டினார். ‘கை’ என்று தேடினால் முதலில் நிற்கும் சொல் ‘ஓப்பன்’தான். நடுக்கோட்டை அடித்துவிட்டு ‘ப்ரிஸ்கிரைப்’ என்று எழுதினேன். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் ஒரு டார்ச் விளக்கை எடுத்துப் போனேன். உங்கள் நண்பருக்கும் இதையே செய்யுங்கள். ‘ஓப்பன் த டார்ச்’ என்று சொல்லி என் மாணவியின் கையில் கொடுத்தேன். அவர் பொத்தானை அழுத்தினார், வெளிச்சம் வந்தது. நான் அதை வாங்கி, பின்மூடியைத் திருகிக் கழற்றினேன். இரண்டு பேட்டரிகளும் மேசையில் விழுந்து உருண்டன. ‘இதுதான் ஓப்பன். நீங்கள் செய்தது டர்ன் ஆன்’ என்றேன். மூடியோ கதவோ உறையோ மடிப்போ விலகி உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் ‘ஓப்பன்’. மின்சாரத்தை ஓடவிட்டால் ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’. மடிக்கணினியின் மூடியைத் தூக்குவது ‘ஓப்பன்’, அதை இயக்குவது ‘டர்ன் ஆன்’, உள்ளே இருக்கும் கோப்பைத் திறப்பது மறுபடியும் ‘ஓப்பன்’. வங்கிக் கணக்கு, கடை, கண், கடிதம் எல்லாவற்றுக்கும் ‘ஓப்பன்’ பொருந்தும். தண்ணீர்க் குழாய்க்கு ‘டர்ன் ஆன்’ என்பதே வழக்கம், ‘ஓப்பன்’ என்றாலும் பிழையில்லை. அதற்காக நண்பரைத் திருத்த வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் வரும். சீனத்தில் கதவு திறந்திருப்பதற்கும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதற்கும் அதே ‘கை’தான். அதனால் ‘த லைட் இஸ் ஓப்பன்’ என்பார்கள். ‘த லைட் இஸ் ஆன்’ என்று பழக்குங்கள். கடை விஷயத்தில் தவறு சீனத்துடையது மட்டுமல்ல, ஆங்கிலமே சீராக இல்லை. மூடியிருக்கும் கடை ‘க்ளோஸ்ட்’, ஆனால் திறந்திருக்கும் கடை ‘ஓப்பன்ட்’ அல்ல, வெறும் ‘ஓப்பன்’. வினைச்சொல்லின் உருவமே மாறாத மொழியிலிருந்து வருபவர் ஒன்றில் வால் வைத்து, ஒன்றில் வெட்ட வேண்டும் என்றால் குழம்பத்தானே செய்வார்?

சீனர் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். மலாய்ப் பேச்சில் ‘புக்கா லம்பு’ என்பார்கள், அதுவும் விளக்கைத் திறப்பதுதான். கிரேக்கரும் பிலிப்பீன்ஸ்காரரும் தங்கள் மொழிகளில் விளக்கைத் திறக்கவே செய்கிறார்கள். சிங்கப்பூரில் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் முதியவர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் பழகி வளர்ந்தவர் காதில் ‘ஓப்பன் த லைட்’ எப்படித் தவறாகப் படும்?

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஆசிரியர் வேலைக்கான விளம்பரங்களில் ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும்’ என்று போடுகிறார்கள். எனக்கு அதனால் மூன்று வேலைகள் கிடைக்காமல் போயின. இரண்டு இடங்களில் என் பெயரைப் பார்த்ததுமே பேச்சை முடித்துக்கொண்டார்கள். ‘போடு’ என்ற சொல்லோடு வளர்ந்ததால்தான் அந்த அம்மாவின் நடுக்கோடு எனக்கு உடனே கண்ணில் பட்டது. இதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

உங்கள் நண்பரிடம் ஒரு தாளின் நடுவில் ‘கை’ என்று அவருடைய எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். புதிதாக ஓர் ஆங்கில வினை தெரியவரும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கோடு இழுக்கட்டும். என் மாணவி தன் நோட்டின் பின்னட்டையில் அப்படித்தான் செய்தார். ஓட்டுவது, கொதிப்பது, மலர்வது, கூட்டம் நடத்துவது என்று சுற்றிலும் போய்க்கொண்டிருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது பதினான்கு கோடுகள் இருந்தன. ‘ப்ரிஸ்கிரைப்’ என்ற சொல்லுக்குப் போகும் கோட்டை மட்டும் சிவப்பு மையில் போட்டிருந்தார்.