சென்ட் வேண்டாம், கசிவைத் தேடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து வயிற்றில் போட்ட துளை வழியாக வரும் மலத்தைச் சேர்க்க நிரந்தரமாக கொலாஸ்டமி பை வைத்திருக்கிறார்கள். நாலு மாதம் ஆகிறது. வாடை வருமோ என்று பயந்து பஸ் ஏறுவதே இல்லை. வெளியே போகிற நாளில் காலையிலிருந்து பட்டினி, பைமேல் சென்ட் வேறு. அடுத்த மாதம் அவர் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமனே வர மாட்டேன் என்றால் எப்படி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த சென்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். இப்போது வருகிற பைகள் வாடையை வெளியே விடாத பிளாஸ்டிக்கில் செய்தவை, ஒழுங்காக ஒட்டியிருந்தால் பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்காருகிறவருக்குக்கூடத் தெரியாது. காலி செய்யும்போது வாடை வரும், அது யார் கழிப்பறைக்குப் போனாலும் வருவதுதான். மற்ற நேரத்தில் வந்தால் எங்கோ கசிகிறது.

பையின் வாய்ப்பகுதியை முதலில் பாருங்கள். காலி செய்ததும் அவசரத்தில் அப்படியே மடித்து மூடிவிடுகிறார்கள், அந்த விளிம்பில் துளி ஒட்டியிருந்தாலே போதும், நாளெல்லாம் நாறும். ஈர டிஷ்யூவால் உள்ளும் புறமும் துடைத்துவிட்டு மூட வேண்டும்.

அடுத்தது தோலில் ஒட்டுகிற தட்டு. ஆபரேஷன் முடிந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரிகிற குடல் வாய், சுருங்கிவிடும், ஆனால் பலர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய அளவுக்கே ஓட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி அளந்து பாருங்கள், ஸ்டோமாவைச் சுற்றி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய், டால்கம் பவுடர் எதுவும் தோலில் இருக்கக் கூடாது. நன்றாக ஈரம் உலர்ந்ததும் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், சூட்டில் பிடித்துக்கொள்ளும். பொதுவாக மூணு நாலு நாள் வரும், ஆனால் நம் ஊர் வியர்வைக்கு ஓரம் முன்னாடியே கிளம்பலாம். விலை அதிகம்தான், அதற்காகப் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளித்தால் அடியில் தோல் வெந்து புண்ணாகி, அப்புறம் எந்தத் தட்டும் நிற்காது.

மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும், கனம் கூடினால் தட்டை இழுத்துவிடும். காற்றில் உப்புகிறது என்று ஊசியால் குத்தவே கூடாது. பைக்குள் ஆஸ்பிரின் மாத்திரை போடச் சொல்கிறவர்களும் உண்டு, கேட்காதீர்கள், ஸ்டோமா புண்ணாகி ரத்தம் வரும். பைக்குள் விடுவதற்கென்றே வாடை போக்கும் சொட்டு விற்கிறது, வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

பட்டினியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வயிறு காலியாக இருந்தால் காற்றுதான் அதிகம் சேரும். வேளாவேளைக்குச் சாப்பிடட்டும். முட்டை, மீன், கருவாடு, பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் வாடையைக் கூட்டலாம், அதுவும் எல்லோருக்கும் இல்லை, எது ஒத்துவரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தயிர், மோர் சிலருக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

கல்யாணத்துக்கு முதல் நாளே புதுத் தட்டு மாற்றிவிடுங்கள். வெட்டி வைத்த இன்னொரு தட்டு, பை, டிஷ்யூ, பிளாஸ்டிக் கவர், சின்னத் தண்ணீர் பாட்டில், எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். மண்டபத்துக்குள் போனதும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள் தட்டுக்கு அடியில் எரிச்சலோ நீர் கசியும் சிவப்போ தெரிந்தால், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்த இடத்தில் காட்டிவிடுங்கள்.