கால் வலியே இல்லை, பரிசோதனை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. டாக்டரிடம் காலைக் காட்டச் சொன்னால், "எனக்குத்தான் வலியே இல்லையே" என்கிறார். வீட்டில் நாங்களே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: காலில் புண்ணோடு வருகிறவர்களில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கால் விரல் நுனியிலிருந்து மெல்ல உணர்ச்சியை இழக்கும். அப்புறம் முள் குத்தினாலும் தெரியாது, உச்சி வெயிலில் கோயில் பிராகாரக் கல் சுட்டாலும் தெரியாது. செருப்பு கழன்றது தெரியாமல் அப்பா நாலடி நடந்துவிடுகிறாரா? பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறதா? இரவில் பாதம் எரிகிறதா? முதலில் இவற்றைக் கேளுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். கருவி எதுவும் வேண்டாம். அப்பா கண்ணை மூடிப் படுக்கட்டும். இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது, ஒரு விரலை இரண்டாம் முறை தொடவும் கூடாது. மொத்தம் ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். எல்லாம் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்க்கத்தான் வேண்டும். அங்கே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்திருப்பது வீட்டில் எளிதில் பிடிபடாது.

தினமும் படுக்கப் போகும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். அவரே பார்ப்பதானால் தரையில் ஒரு கண்ணாடி போதும். ஆணிக்கால் இருந்தால் பிளேடால் சீவ வேண்டாம். கடையில் விற்கும் கார்ன் கேப்பும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

அடிபடாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால் காத்திருக்காதீர்கள். வலி இல்லாமலே உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்ற விடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

அப்பா அப்போதும் பிடிவாதம் பிடித்தால், சர்க்கரை இல்லாத யாருக்காவது அதே சோதனையைச் செய்து, இருவருடைய கணக்கையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.