பாரிஸில் பிறந்த பிள்ளை எப்போது பிரெஞ்சுக் குடிமகன் ஆகிறான்?

கேள்வி: நானும் மனைவியும் பத்து வருட விசாவில் இருக்கிறோம். மகன் இங்கேதான் பிறந்தான், வயது 15. பதினெட்டில் எல்லாம் தானாக வந்துவிடும், பேசாமல் இருங்கள் என்கிறார்கள். சரிதானா?
– லா கூர்நேவ் வாசகர்

பதில்: சட்டப்படி சரி. பேசாமல் இருப்பதுதான் பிழை.

பிரான்ஸில் பிறந்தவர் 18ஆவது பிறந்தநாளில் இங்கே வசிக்க வேண்டும். 11 வயதுக்குப் பின் மொத்தம் 5 வருடமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருடம் விட்டுவிட்டு இருந்தாலும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆனால் பதினேழில் படிக்க லண்டனுக்குப் போய், 18 ஆகும்போது அங்கேயே குடியிருந்தால் 'தானாக' என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் வருவதால் ஒன்றும் கெடாது.

உங்கள் மகன் 8 வயதிலிருந்து இங்கே வசித்தால், அவன் சம்மதத்துடன் நீங்கள் இப்போதே கேட்கலாம். 13 வயதிலிருந்தே அந்த வழி திறந்திருக்கிறது. பதினாறு ஆனால், உங்கள் கையெழுத்து இல்லாமல் அவனே கேட்கலாம். பிரிபெக்சர் (விசா கொடுக்கும் மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் நிற்காதீர்கள். இது உங்கள் வசிப்பிடத்துக்குரிய நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்து வேலை. முழுப் பிறப்புச் சான்றிதழ், வீட்டு முகவரிக்கு ஆதாரம், ஒவ்வொரு வருடத்துக்குமான பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கோப்பு முழுமையானதும் ரசீது தருவார்கள். அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் பதிய வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். பதிந்துவிட்டால், மனுக் கொடுத்த நாளிலிருந்தே அவன் பிரெஞ்சுக் குடிமகன்.

நம்மவர் கோப்புகள் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். அகதிகளின் பிறப்புச் சான்றிதழை அகதிகளுக்கான அரசு அலுவலகமான ஒஃப்ப்ரா கொடுக்கிறது. பிள்ளையினுடையதை மெரி (நகரசபை) கொடுக்கிறது. ஒன்றில் 'சிவலிங்கம்' வி எழுத்தோடு, மற்றதில் டபிள்யூவோடு. அல்லது அப்பாவின் பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயர், இன்னொன்றில் முதற்பெயர். நமக்கு அது சின்ன விஷயம், பதிவாளருக்கு இரண்டு வேறு ஆட்கள். முதலில் இதைத் திருத்துங்கள், பிறகு மனு.

கேள்வி: தம்பி பாரிஸில் பிறந்து குடியுரிமை எடுத்துவிட்டான். நான் வவுனியாவில் பிறந்து 5 வயதில் வந்தேன். இப்போது 18. வேலைக்குப் போய்ப் பல வருடம் வரி கட்டிய பிறகுதான் எனக்குக் கிடைக்குமா?
– வாசகி, பாரிஸ் 18

பதில்: இல்லை. 2016 ஜூலையிலிருந்து உங்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது, நம்மவரில் பலருக்கு அது தெரியாது. 6 வயதிலிருந்து இங்கே வசித்து, கட்டாயப் பள்ளிப் படிப்பை அரசின் மேற்பார்வையிலுள்ள பள்ளிகளில் முடித்து, கூடப் பிறந்தவர் ஒருவர் இங்கே பிறந்ததால் குடியுரிமை பெற்றிருந்தால், 18 ஆனதும் நீங்கள் குடியுரிமை கோரி அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்கு சம்பளத் தாள் தேவையில்லை. ஆனால் தம்பி எந்த வழியில் பெற்றான் என்று பாருங்கள். அப்பாவோ அம்மாவோ குடியுரிமை எடுத்தபோது கூடவே கிடைத்தது என்றால், இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் அறிவிப்பு பிரிபெக்சருக்குத்தான் போகும். முதல் வகுப்பிலிருந்து எல்லாப் பள்ளிச் சான்றிதழ்களையும் சேருங்கள். பள்ளி மாறிய வருடத்தில்தான் இடைவெளி விழும். முடிவு வரும்வரை உங்கள் விசாவைக் காலாவதியாக விடாதீர்கள்.

கேள்வி: குடியுரிமை கிடைத்து இரண்டு வருடம். ஆனாலும் கார் து நோர் ரயில் நிலையத்தில் போலீஸார் மறித்து 'விசா காட்டு' என்கிறார்கள். காட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், வயது 20

பதில்: உங்களிடம் விசா இல்லை, நீங்கள் பிரெஞ்சுக் குடிமகன். அதை அமைதியாகச் சொல்லுங்கள். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கவும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என எதனாலும் நீங்கள் யாரென்று நிரூபிக்கலாம். நிரூபிக்க முடியாவிட்டால் சரிபார்க்க போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் மறித்த நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்தும், அட்டையைக் கையில் வைத்திருங்கள் என்றுதான் சொல்வோம். நான்கு மணி நேரம் மிச்சம்.

தோலைப் பார்த்து மறிப்பது குற்றமே. 2016 நவம்பர் 9 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமே அதற்காக அரசைப் பொறுப்பாக்கியது. சீருடையில் உள்ள 7 இலக்க எண், இடம், நேரம் இவற்றைக் குறித்துக்கொண்டு, உரிமைகள் காப்பாளர் (Défenseur des droits) அலுவலகத்துக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது.