இன்பாக்ஸுக்குப் போகும் வழி: மின்னஞ்சல் மார்க்கெட்டிங் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் செய்திமடல் 12,000 பேருக்குப் போகிறது. எழுத்திலோ வடிவத்திலோ எதையும் மாற்றவில்லை. ஆனாலும் ஜிமெயில் வைத்திருப்பவர்கள் பலர் ‘ஸ்பாமில் கிடந்தது’ என்கிறார்கள். ஏன்?

நீங்கள் சும்மா இருந்த நேரத்தில் விதிகள் மாறிவிட்டன. தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் சுமார் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் கூகுள் புது நிபந்தனைகள் போட்டது. யாஹூவும் கூடவே போட்டது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக்கும் சேர்ந்துகொண்டது. கூகுளின் பார்வையில் ஒரே ஒரு நாள் அந்த எண்ணிக்கையைத் தொட்டாலும் போதும், அதன்பின் எப்போதும் நீங்கள் ‘மொத்தமாக அனுப்புகிறவர்’தான். உங்கள் டொமைனை (மின்னஞ்சல் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) சப்டொமைன்களாக, அதாவது கிளைப் பெயர்களாகப் பிரித்து வைத்தாலும் எல்லாம் ஒரே டொமைன் கணக்கில்தான் சேரும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் மடலை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தட்டுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ இருக்க வேண்டும். மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்க அந்த நிபந்தனைகள் கேட்கும் சரிபார்ப்புகள் இவை. இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ் (டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்) பதிவுகளில்தான்.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் மடல் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். மடல் அனுப்பித் தரும் புது சேவையில் சேரும்போது அவர்கள் கொடுத்த வரியை இரண்டாவது பதிவாக ஒட்டிவிடுவது அன்றாடம் நடக்கும் தவறு. இரண்டும் சேர்ந்தே செல்லாமல் போகும். பழைய பதிவுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதற்குள்ளும் வரம்பு உண்டு. பதிவைப் படித்து முடிக்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டால் அது பிழையாகிவிடும். எப்போதோ விட்டுவிட்ட சேவைகளின் வரிகளை நீக்கினாலே பல இடங்களில் இது சரியாகிவிடுகிறது.

டிகிம் மடலின் மேல் போடும் டிஜிட்டல் கையொப்பம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கையொப்பம் சரியாக இருக்கும், ஆனால் அது அனுப்பும் சேவையின் டொமைனில் இருக்கும். அனுப்புநர் முகவரியில் இருப்பதோ உங்கள் டொமைன். இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதும், பொருந்தாத மடலை என்ன செய்வது என்று சொல்வதும்தான் டிமார்க். இரண்டும் பொருந்தாததால் அது தோற்றுப்போகும். சேவையின் அமைப்புகளில் ‘சொந்த டொமைன்’ பகுதிக்குப் போய், அவர்கள் தரும் பதிவுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் சேர்த்து, கையொப்பச் சாவியின் நீளம் 2048 பிட் என்று வையுங்கள். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று பொருந்தினாலே டிமார்க் தேறிவிடும். ஆனாலும் இரண்டையும் வைத்திருப்பது நல்லது. யாராவது மடலை ஃபார்வர்ட் செய்தால் எஸ்பிஎஃப் பொதுவாக உடைந்துவிடும், டிகிம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

டிமார்க்கில் தொடக்கத்தில் ‘எதுவும் செய்யாதே’ என்ற கொள்கை போதும். அறிக்கை வரவேண்டிய முகவரியை மட்டும் மறக்காமல் கொடுங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்தால், பில் அனுப்பும் மென்பொருள், வாடிக்கையாளர் சேவைக் கருவி என்று நீங்கள் மறந்துபோனவையெல்லாம் உங்கள் பெயரில் மடல் அனுப்புவது தெரியும். அவற்றைச் சரிசெய்த பிறகுதான் கொள்கையை இறுக்க வேண்டும். முதல் நாளே ‘நிராகரி’ என்று வைத்தால் உங்கள் சொந்த பில்களே திரும்பி வரும்.

கேள்வி: மடலின் அடியில் ‘அன்சப்ஸ்கிரைப்’ லிங்க் இருக்கிறது. அது போதாதா?

போதாது. மடலின் ஹெட்டரிலும் (மடலோடு போகும், படிப்பவர் கண்ணில் படாத தகவல் வரிகள்) ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் விலகல் பொத்தான் அதிலிருந்துதான் வருகிறது. இதற்கு இரண்டு ஹெட்டர் வரிகள் தேவை. பலர் முதல் வரியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது வரிக்குக் காரணம் உண்டு: அலுவலகங்களின் பாதுகாப்பு ரோபோக்கள் மடலில் உள்ள லிங்குகளையெல்லாம் திறந்து பார்க்கும். லிங்கைத் திறந்தாலே விலகல் நடக்கும் என்றால், ஆள் தொடாமலேயே அவர் பெயர் போய்விடும். அதனால், லிங்கைத் திறப்பது போதாது, தனி ‘போஸ்ட்’ கோரிக்கை (சர்வருக்குத் தகவல் அனுப்பும் வேறு வகைக் கோரிக்கை) வந்தால்தான் விலகல் என்று அந்த வரியில் வைத்திருக்கிறார்கள். கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்கிவிட வேண்டும்.

விலகும் லிங்கை ஒளித்து வைப்பது, லாகின் கேட்பது, ‘ஏன் போகிறீர்கள்’ என்று ஐந்து கேள்வி கேட்பது எல்லாம் சொந்தக் காசில் சூனியம். வெளியே போக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானைத் தட்டுவார். விலகியவரால் உங்களுக்கு ஒரு முகவரிதான் நஷ்டம். ஸ்பாம் என்று தட்டியவரால் மற்றவர்களுக்குப் போகும் மடலுக்கும் சேதம். அனுப்புகிறவர்களுக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் தளத்தில் டொமைனைப் பதிந்து ஸ்பாம் விகிதத்தைப் பாருங்கள். 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3-ஐத் தொடவே கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர்.

கேள்வி: ஓபன் ரேட் (மடலைத் திறந்தவர்களின் விகிதம்) 55 சதவீதம் காட்டுகிறது. விற்பனை மட்டும் அசையவில்லையே?

அந்த 55-ஐ நம்பாதீர்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இருக்கும். அது தரவிறங்கினால் ‘திறந்தார்’ என்று கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது.

இதனால் வரும் பெரிய கெடுதல் வேறு இடத்தில். ‘90 நாள் திறக்காதவரை நீக்கு’ என்று ஆட்டோமேஷன் வைத்திருந்தால், என்றோ படிப்பதை விட்டுவிட்ட ஆப்பிள் பயனர் பட்டியலில் தங்கிவிடுவார். படங்களை முடக்கிவிட்டு ஒழுங்காகப் படிப்பவர் வெளியே போவார். கிளிக், பதில், வாங்கியது, லாகின் செய்தது ஆகியவற்றை அளவுகோலாக்குங்கள். கிளிக்கிலும் ரோபோ உண்டு. மடல் சேர்ந்த சில நொடிகளில் எல்லா லிங்கும் தட்டப்பட்டிருந்தால் அது மனிதர் வேலை இல்லை, கழித்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகத் தொடாத 40,000 முகவரிகள் இருக்கின்றன. ஒரே நாளில் ஆஃபர் அனுப்பலாமா?

கூடாது. அதில் பல முகவரிகள் செத்திருக்கும். சில, கைவிடப்பட்ட பின் ஸ்பாம் அனுப்புகிறவரைப் பிடிக்கும் பொறிகளாக மாறியிருக்கும். கடைசியாக வாங்கியவர், கடைசியாகக் கிளிக் செய்தவர் என்று வரிசைப்படுத்தி, முதல் நாள் 500 பேரோடு தொடங்குங்கள். உள்ளடக்கம் ஆஃபராக இருக்க வேண்டாம்: ‘தொடர்ந்து அனுப்பலாமா?’ என்று கேட்டு ஒரு ‘ஆம்’ பொத்தான் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம். நிரந்தர பவுன்ஸ் (முகவரியே இல்லை என்பதுபோல் சேராமல் திரும்பும் மடல்கள்) 2 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டுப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். பொத்தானைத் தட்டாதவர்களை அப்படியே விட்டுவிடுங்கள், மனம் வலிக்கும்தான்.

கேள்வி: விலைக்குப் பட்டியல் வாங்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன எல்லாக் கெடுதலும் ஒரே நாளில் வரும்.

கேள்வி: மடல் முழுவதையும் அழகான ஒரே படமாக அனுப்புகிறோம். தவறா?

படம் இறங்காத இடத்தில் உங்கள் மடல் வெற்றுப் பெட்டி. ஐபோனின் ஏஐ சுருக்கம் போன்றவை இப்போது மடலின் எழுத்தைப் படித்து, இன்பாக்ஸிலேயே ஒன்றிரண்டு வரி காட்டுகின்றன. படிக்க எழுத்தே இல்லையென்றால் அவை என்ன சொல்லும்? முக்கியமான சேதி, தேதி, விலை மூன்றும் முதல் இரண்டு வாக்கியத்தில் எழுத்தாக இருக்கட்டும். படத்துக்கு மாற்று உரை (படம் இறங்காவிட்டால் அதன் இடத்தில் தெரியும் எழுத்து) கொடுங்கள். மடலின் எச்டிஎம்எல் (மடலை வடிவமைக்கும் குறியீடு) அளவு சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மடலை நறுக்கிவிடும். அடியில் இருக்கும் விலகல் லிங்கும் அதோடு மறைந்துபோகும்.

கேள்வி: இரண்டு தலைப்பு வரிகளை ஏ/பி சோதனை செய்ய (பட்டியலை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாக அனுப்பி ஒப்பிட) எத்தனை பேர் வேண்டும்?

நினைப்பதைவிட அதிகம். கிளிக் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 2.5-க்குக் கூடியதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் சுமார் 14,000 பேர் தேவை. பட்டியல் சிறியது என்றால் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது வீண். முற்றிலும் வேறான இரண்டு சலுகைகளை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில ஆயிரம் பேரிலேயே தெரிந்துவிடும்.