ஜோடியில ஒரு ஜாடி உடைஞ்சிருச்சு, கம்பெனி ஒட்டுற செலவு மட்டும்தான் தருவேன்னு சொல்லுது. என்ன பண்றது?

கேள்வி: மேடம் வணக்கம். நான் பழைய கலைப்பொருள் வாங்கி விக்கிற சின்ன பிசினஸ் பண்றேன். ஒருத்தர் அவர் வீட்டுல இருந்த பழைய பீங்கான் ஜாடி ஒரு ஜோடிய வித்துக் குடுங்கன்னு கன்சைன்மென்ட்ல குடுத்தாரு. ரெண்டையும் ஒரு எக்ஸிபிஷனுக்கு அனுப்பினேன், திரும்பி வர்றப்போ ஒண்ணோட கழுத்து உடைஞ்சு வந்துச்சு. என் பாலிசில ட்ரான்சிட் கவர், அதாவது பொருள் பயணத்துல சேதமானா பணம் தர்ற கவர், இருக்கு. ஆனா கம்பெனி சொல்றது: பொருள் உங்களோடது இல்ல, ஒட்டுற செலவு மட்டும்தான் தருவோம், இன்னொரு ஜாடி நல்லாதானே இருக்கு, அதுவும் போக பேக்கிங்க அனுபவமுள்ள ஆளுங்கதான் பண்ணணும்னு பாலிசில இருக்கு, நீங்க கடைப் பசங்கள வச்சு பண்ணிட்டீங்க. இப்ப ஒரு சின்ன தொகை போட்டு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. ஸ்டாக் லிஸ்ட் முழுசும் வேற கேக்குறாங்க. ஓனர் ஜோடிக்கு முழு விலை கேக்குறாரு. ஜோடி உடைஞ்சா மிச்சத்த யாரு மேடம் வாங்குவா? கேஸ் போடலாமா?

பதில்: முதல்ல அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க. அது ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ஃபார்மா இருந்தா, போட்டுட்டு அப்புறமா மிச்சத்த கேட்டு போறது ரொம்ப கஷ்டம், கட்டாயத்துல போட்டேன்னு நிரூபிக்கிற வேலை உங்க தலைல விழும். அவசரமா பணம் வேணும்னா "இத பகுதித் தொகையா மட்டும் வாங்கிக்கிறேன், மிச்ச கிளெய்ம விட்டுக்குடுக்கல"ன்னு ஈமெயில்ல எழுதி, அவங்க அத ஒத்துக்கிட்டு பதில் போட்டா மட்டும் வாங்குங்க. அடுத்தது, உடைஞ்ச துண்டு ஒண்ணு விடாம தனித்தனியா பேப்பர்ல சுத்தி வைங்க, வந்த பெட்டி, உள்ள இருந்த ஃபோம், டேப்பு கூட தூக்கிப் போடாதீங்க. நல்ல எண்ணத்துல நீங்களே பசை வச்சு ஒட்டிடாதீங்க, அப்புறம் எது ட்ரான்சிட்ல வந்த உடைப்பு எது பழசுன்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது. சேதத்தப் பார்க்க கம்பெனி அனுப்புற சர்வேயர் யூ.வி. லைட் அடிச்சுப் பார்த்தா பழைய ரிப்பேர்ல போட்ட பசையும் பெயிண்டும் பெரும்பாலும் வேற மாதிரி மின்னும், அப்படி ஏதாவது அந்த கழுத்துல தெரிஞ்சா "இது ஏற்கனவே உடைஞ்சு ஒட்டினது"ன்னு ஒரு புது தகராறு ஆரம்பிக்கும். அதனால ஜாடி உங்க கைக்கு வந்தப்போ அது என்ன நிலைமைல இருந்துச்சுன்னு எழுதின கண்டிஷன் ரிப்போர்ட், போட்டோ இருந்தா இப்பவே ஒரு காப்பி எடுத்து வைங்க.

இப்ப அவங்க சொல்ற காரணங்களுக்கு வருவோம். நீங்க ஜோடி விஷயத்துலதான் ரொம்ப கொதிச்சிருக்கீங்க, ஆனா உங்கள கவுக்கக்கூடியது அது இல்ல, பேக்கிங்தான். அத கடைசில சொல்றேன், சின்னத முதல்ல முடிச்சிடலாம்.

பொருள் உங்களோடது இல்லங்கிறது இருக்கறதுலயே சொத்தையான வாதம். அடுத்தவங்க பொருள நம்பி வாங்கி வச்சிருக்கறவங்களுக்கு அதுல இன்சூரபிள் இன்ட்ரெஸ்ட், அதாவது அத இன்சூர் பண்ற உரிமை, உண்டுன்னு இங்கிலாந்துல 1856லயே வாட்டர்ஸ் எதிர் மோனார்க் கேஸ்ல சொல்லியாச்சு, குடோன்காரர் முழு மதிப்பையும் கிளெய்ம் பண்ணலாம், அவரோட பங்கு போக மிச்சத்த சொந்தக்காரருக்காக வச்சிருக்கணும்னு தீர்ப்பு. இங்கிலாந்து சட்டத்த அடியொத்தி வந்த பல நாடுகள்ல இதே நிலைமைதான். நீங்க பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பாலிசில "கன்சைன்மென்ட்ல உள்ளது", "பிறர் ஒப்படைத்தது" மாதிரி வார்த்தை இருக்கான்னு. சொந்த ஸ்டாக் மட்டும்னு எழுதியிருந்தா கதை வேற. (பழைய பொருள் வியாபாரத்துல இருக்கறவங்க பாதிப் பேர் இந்த வரிய கவனிக்காமதான் பாலிசி எடுக்குறாங்க.)

ஒட்டுற செலவு மட்டும் தருவோம்ங்கிறதுல ஏமாந்துடாதீங்க. கலைப்பொருள் வண்டி மாதிரி இல்ல, பம்பர மாத்தினா சரியாப் போச்சுன்னு விட முடியாது. எவ்வளவு நல்லா ரெஸ்டோர் பண்ணாலும் "உடைஞ்சு ஒட்டினது"ங்கிற பேர் கூடவே வரும், விலை இறங்கும். அமெரிக்க கேசினோ முதலாளி ஸ்டீவ் வின் 2006ல தன்னோட பிக்காசோ 'லெ ரெவ்' ஓவியத்துல தெரியாம முழங்கைய இடிச்சு கிழிச்சாரு, அத 139 மில்லியன் டாலருக்கு விக்க பேசி வச்சிருந்த நேரம் அது. சரி பண்ண ஆன செலவு சுமார் 90,000 டாலர்தான், ஆனா சரி பண்ண பிறகு மதிப்பு 85 மில்லியன்னு வந்துச்சு. அந்த வித்தியாசத்துக்கு லண்டன் இன்சூரன்ஸ் சந்தையான லாயிட்ஸ் மேல கேஸ் போட்டு, பிறகு கோர்ட்டுக்கு வெளிய முடிச்சுக்கிட்டாங்க. உங்க பாலிசிலயும் பகுதி சேதம்ங்கிற தலைப்புல "ரெஸ்டோரேஷன் செலவு மற்றும் மதிப்புக் குறைவு"ன்னு இருக்கான்னு பாருங்க. ஃபைன் ஆர்ட் பாலிசின்னா பெரும்பாலும் இருக்கும், சாதாரண கடை பாலிசியோட ட்ரான்சிட்ட ஒட்டுப் போட்டு குடுத்திருந்தா இருக்காது. இருந்தா, கம்பெனிக்காரங்க ஆள் இல்லாம நீங்களா ஒரு அப்ரைசர (மதிப்புப் போடறவர) வச்சு உடையறதுக்கு முன்னாடி மதிப்பு, ரெஸ்டோர் பண்ண பிறகு மதிப்புன்னு ரெண்டு எண்ணு எழுதி வாங்குங்க. சண்டை முழுக்க அந்த ரெண்டு எண்ணுலதான்.

ஜோடி விஷயத்துல சட்டம் தனியா உங்களுக்கு எதுவும் தராது, பாலிசி வார்த்தைதான். ஜோடிக்கும் செட்டுக்கும்னு போடற ஷரத்த (pair and set clause) ரெண்டு விதமா எழுதுவாங்க. ஒண்ணு, ஜோடியில ஒண்ணு போனா முழு ஜோடி மதிப்பும் தர்றோம், மிச்சம் இருக்கற ஜாடிய எங்ககிட்ட ஒப்படைச்சிருங்கன்னு இருக்கும். இன்னொண்ணு நேர் எதிர், ஜோடிங்கிறதால வர்ற தனி மதிப்ப கணக்குல எடுக்க மாட்டோம், உடைஞ்சதோட பங்கு மட்டும்தான்னு இருக்கும். ரெண்டாவது இருந்தா கோர்ட்டுக்கு போனாலும் பெருசா மாறாது, நேரா சொல்லிடறேன். முதலாவது இருந்தும் உடைஞ்சது முழு நஷ்டம் இல்ல, ரிப்பேர்தான்னு சொல்லி நழுவப் பார்ப்பாங்க, அதுக்கும் பதில் மேல சொன்ன அப்ரைசர் ரிப்போர்ட்தான்.

இப்ப பேக்கிங். உங்க லெட்டர்ல ஒரு விஷயம் எனக்கு பளிச்சுன்னு பட்டுச்சு, நீங்க அத கவனிச்ச மாதிரி தெரியல. உடைஞ்சது திரும்பி வர்றப்போ. கடைப் பசங்க பேக் பண்ணது போறப்போ. அப்ப திரும்பி வர்றதுக்கு பேக் பண்ணது யாரு? எக்ஸிபிஷன்காரங்க வச்ச ஆர்ட் ஹேண்ட்லர்ஸா (கலைப்பொருள பேக் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்களா) இருந்தா, ஜாடி உடைஞ்ச பயணத்துல பேக்கிங் கண்டிஷன் மீறப்படவே இல்லன்னு சொல்லலாம். பசங்க பண்ண பழைய பெட்டியையே திரும்ப உபயோகிச்சிருந்தா கொஞ்சம் சிக்கல். பெட்டியத் தூக்கிப் போடாதீங்கன்னு மேல சொன்னது இதுக்கும்தான், அவங்க ஒட்டின லேபிள், டேப்பு, அங்க கிளம்பறதுக்கு முன்னாடி எழுதின அவுட்கோயிங் ரிப்போர்ட் எல்லாம் உங்களுக்கு சாட்சி. அந்த ரிப்போர்ட்ல ஜாடி முழுசா இருந்துச்சுன்னு இருந்தா பாதிக் கேஸ் முடிஞ்ச மாதிரி.

இது ஏன் முக்கியம்னா, பழைய இங்கிலாந்து சட்டத்துல, அதாவது 1906 மரைன் இன்சூரன்ஸ் ஆக்ட்ல, வாரன்ட்டின்னு, அதாவது கண்டிப்பா கடைப்பிடிப்பேன்னு நீங்க குடுக்கற வாக்குன்னு, எழுதின ஒரு கண்டிஷன மீறிட்டா நஷ்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னாலும் மீறின நாள்ல இருந்து கம்பெனி கைய கழுவிக்கலாம். 2015ல வந்த இன்சூரன்ஸ் ஆக்ட் அத அங்க மாத்திருச்சு, மீறினது இந்த நஷ்டம் இந்த விதத்துல நடக்குற ரிஸ்க்க கூட்டியிருக்கவே முடியாதுன்னு காட்டினா அத காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனா பழைய சட்டம் அப்படியே இருக்கற நாடுகளும் உண்டு, அதனால உங்க பாலிசிக்கு எந்த நாட்டு சட்டம்னு போட்டிருக்குன்னு பார்த்து எனக்கு அனுப்புங்க. அத பார்க்காம கேஸ் போடலாமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டாக் லிஸ்ட் ஏன் கேக்குறாங்கன்னு யோசிச்சீங்களா? ஆவரேஜ் ஷரத்த (average clause) போடத்தான், அதாவது ஸ்டாக்க மதிப்புக்குக் கம்மியா இன்சூர் பண்ணியிருந்தா அதே விகிதத்துல கிளெய்மையும் குறைக்கத்தான். ஸ்டாக் மதிப்பு 100, நீங்க இன்சூர் பண்ணது 60ன்னு வைங்க, நஷ்டம் 40 ஆனா அவங்க தர்றது 24தான். லிஸ்ட குடுக்காம இருக்க முடியாது, ஒத்துழைக்கலன்னு அதையே பிடிச்சுப்பாங்க, ஆனா விக்கிற விலைய போட்டு அனுப்பிடாதீங்க. பாலிசில மதிப்பு எப்படிக் கணக்கு போடணும்னு ஒரு வரி இருக்கும், டீலர் பாலிசில பெரும்பாலும் சொந்த ஸ்டாக்குக்கு வாங்கின விலை கூட ஒரு சதவீதம், கன்சைன்மென்ட் பொருளுக்கு ஓனரோட எழுதி ஒத்துக்கிட்ட தொகை, அந்த முறைலயே போடுங்க. பொய்யா குறைச்சு மட்டும் எழுதாதீங்க, மொத்த கிளெய்மும் போயிடும்.

தூக்கிட்டு வந்த ட்ரான்ஸ்போர்ட்காரங்களுக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்தீங்களா? குடுக்கலன்னா இன்னிக்கே குடுங்க. சர்வதேச ஏர் கார்கோன்னா 1999 மான்ட்ரியல் கன்வென்ஷன்படி பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள்ள புகார் எழுதணும், கப்பல்ல வந்து வெளிய தெரியாத சேதம்னா ஹேக்-விஸ்பி விதிப்படி 3 நாள். அவங்ககிட்ட இருந்து கிடைக்கிறது எடைக்கு இவ்ளோன்னுதான், ஏர்ல கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர் (ஐ.எம்.எஃப் வச்சிருக்கற ஒரு கணக்கு அலகு), பீங்கான் ஜாடிக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனாலும் நோட்டீஸ் வேணும், ஏன்னா உங்களுக்கு பணம் குடுத்துட்டு அவங்க மேல போற உரிமை இன்சூரன்ஸ் கம்பெனியோடது, நீங்க அத கெடுத்தீங்கன்னா அதையும் உங்க கிளெய்ம்ல கழிப்பாங்க. அதனால ட்ரான்ஸ்போர்ட்காரர் சமாதானமா ஏதாவது குடுத்து "இனி கிளெய்ம் இல்ல"ன்னு எழுதித் தரச் சொன்னா எழுதிடாதீங்க.

கடைசியா ஓனர். கம்பெனி எவ்ளோ குடுக்குதோ அவ்ளோதான் நான் தருவேன்னு அவர்கிட்ட சொல்ல முடியாது, அது தனி ஒப்பந்தம். கன்சைன்மென்ட் பேப்பர்ல சேதம் ஆனா எவ்ளோ, யாரு பொறுப்புன்னு என்ன எழுதியிருக்கோ அதுதான். வாய்ப்பேச்சா வாங்கியிருந்தா நீங்க நியாயமான கவனம் எடுத்தீங்களான்னு கேள்வி வரும், அங்கயும் பேக்கிங்தான் வந்து நிக்கும். முக்கியமா, உடைஞ்ச ஜாடிய ரெஸ்டோர் பண்றதுக்கோ, நல்ல ஜாடிய கம்பெனிகிட்ட ஒப்படைக்கிறதுக்கோ அவரோட எழுத்து சம்மதம் இல்லாம ஒத்துக்காதீங்க, அது அவர் பொருள். பாலிசி முழுசா, கன்சைன்மென்ட் பேப்பர், ரெண்டு கண்டிஷன் ரிப்போர்ட், கம்பெனி அனுப்பின லெட்டர் இதெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, கம்பெனிக்கு போட வேண்டிய பதில நான் எழுதித் தர்றேன். ஃபோன்ல அவங்க கூப்பிட்டா எல்லாத்தையும் ஈமெயில்ல கேளுங்கன்னு மட்டும் சொல்லி வச்சிடுங்க.